மாதுளம்பூ நிறத்தில் ஓர் அறை

"தாயே, ஆசையை விடுவது எப்படி?"

ஆற்றங்கரை மடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூரணியம்மை நிமிர்ந்து பார்த்தார்.

கேட்டவள் வடிவம்மாள். வயது ஐம்பத்தெட்டு. அம்மைக்கு அவளைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் எட்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அவர் காலடியில் உட்காருகிறவள்.

"எந்த ஆசையை?"

வடிவம்மாளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"ஒரு நிறத்து மேல, தாயே."

போன ஆனியில் அவள் புருஷன் காலமானார். இப்போது வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். சுவர்களுக்குப் பட்டி பூசித் தேய்த்தாயிற்று. உள்ளறைகளுக்கு வர்ணம் அடிப்பதுதான் பாக்கி. முன்னால் நின்று நடத்துகிறவர் கொழுந்தன் பிரமநாயகம். கூடத்துக்குச் சந்தனம், தன் அறைக்கு இளநீலம், வடிவம்மாளின் மகன் மருமகள் அறைக்கு மஞ்சள் என்று வர்ண அட்டையைப் பார்த்து அவரே குறித்தார். வடிவம்மாளின் அறை வந்ததும் அட்டையை மூடிவிட்டார்.

"மதினி ரூமுக்கு வெள்ளை போதும்."

அட்டையில் ஒரு மாதுளம்பூ நிறம் இருந்தது. மூடுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"நாலு நாளா அதே நெனப்பு. தாலி அறுத்தவளுக்கு இது எதுக்குன்னு மனச அடக்குதேன். அடங்க மாட்டேங்கு. நீங்கதான் வழி சொல்லணும்."

அம்மை கீரையை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார்.

"இங்கே வையுங்கள்."

"எதை?"

"விடப்போவதை."

வடிவம்மாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லையே, தாயே."

அம்மை கையை இழுத்துக்கொண்டார். மறுபடி கீரை ஆய ஆரம்பித்துவிட்டார்.

வடிவம்மாள் தன் வெறுங்கையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து நேரே பெயின்ட் கடைக்குப் போனாள்.

மறுநாள் காலை பெயின்டர் அந்தோணிப்பிச்சை டப்பாவைத் திறந்ததும் பிரமநாயகம் வந்து நின்றார்.

"யாரு கேட்டா இந்தச் சேப்பை?"

"நான்தான்," என்றாள் வடிவம்மாள்.

"நாலு பேரு என்ன சொல்லுவாக, மதினி?"

"நாலு பேரும் அவுக அவுக வீட்டுச் சொவத்தப் பாக்கட்டும்."

நாற்பது வருஷத்தில் அவள் அவருக்கு எதிர்வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. பிரமநாயகம் பெயின்டர் பக்கம் திரும்பினார்.

"இந்த ரூம்ல கைவச்சேன்னா மத்த ரூம்லயும் உனக்கு வேலை கிடையாது, பாத்துக்கோ."

அந்தோணிப்பிச்சை பிள்ளைகுட்டிக்காரர். ரோலரைக் கீழே வைத்தார். கூடத்து வேலைக்குப் போகிறபோது குரலைத் தாழ்த்தி, "ஏணி இங்ஙனயே கெடக்கட்டும்மா. மூலையெல்லாம் மொதல்ல பிரஷ்ஷால இழுத்துருங்க, பெறவு ரோலரப் போடுங்க," என்றார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

முதல் சுவர் திட்டுத்திட்டாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது.

மகன் வந்து வாசலில் நின்றான். "எறங்கும்மா, விழுந்திருவே."

"வந்து ஏணியப் பிடி. விழமாட்டேன்."

அவன் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து வந்து பிடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அறை முடிந்தது. அவளுடைய வெள்ளைச் சேலையெல்லாம் மாதுளம்பூ.

நான்காம் நாள் பிரமநாயகம் மடத்துக்கே போய் அம்மையைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

"உங்க சிஷ்யை அடிக்கிற கூத்தப் பாருங்க. எங்க பேச்சு எடுபடல. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

வடிவம்மாள் அறை வாசலில் நின்றிருந்தாள். அம்மையைப் பார்த்துக் கும்பிட்டாள். வழிவிடவில்லை.

அம்மை அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆசை தீர்ந்ததா?"

"தீரல."

"அப்படியானால் வெள்ளை அடித்துவிடலாம்."

"மாட்டேன்."

"நான் சொல்லியுமா?"

வடிவம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னாலும்தான், தாயே. இனிமே மடத்துப் பக்கம் வராதேன்னு சொன்னாலும் சரி. இது என் ரூம்."

அம்மை பிரமநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இவர் இனி என் சீடர் இல்லை."

பிரமநாயகத்துக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அந்தோணி! அந்த வெள்ளை டப்பாவ எடுத்துட்டு வா!" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அம்மை நிலைப்படிக்கு வெளியே நின்று, வடிவம்மாளின் முன் கைகுவித்தார்.

"உள்ளே வரலாமா, அம்மா?"