மாப்பிள்ளைக்கு ஒரு அன்டூ

ஒட்டங்குறிச்சி பேண்டு குழுவில் நாலு பேர். அவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்வது பாவம். கடவுள் கொடுத்த அறிவை ஒரு துளிகூடச் செலவழிக்காமல் அப்படியே வைத்திருந்தார்கள். கிளாரினெட் வைரப்பெருமாள்தான் தலைவர். ட்ரம்பெட் துரைக்கண்ணு, சின்ன ட்ரம் குப்புராஜ், பெரிய ட்ரம் பிச்சாண்டி மூவரும் அவர் எது சொன்னாலும் தலையாட்டுவார்கள். ஒன்றும் சொல்லாதபோதும் ஆட்டுவார்கள். பழக்கம்.

வைரப்பெருமாளின் மகள் இளவஞ்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கென்றே அவர் ஒரு மெட்டுப் போட்டார். வாழ்க்கையில் அவர் போட்ட ஒரே மெட்டு. ஊர் கேட்க, அது ஒரு பிசிறும் இல்லாமல் ஒலிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கல்யாணம்கூட அதற்கு அப்புறம்தான்.

இளவஞ்சி கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவள். அப்பாவின் மெட்டை இசைக்குறிப்பு எழுதும் சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டு, நாலு பேரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"முதல்ல நாலு டிக் சத்தம் வரும். அது முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து ஆரம்பிக்கணும். அவங்கவங்க வாசிக்கிறதை மட்டும் தனியா பிரிண்ட் எடுத்துக்கலாம். காலியா இருக்கிற கட்டத்துல சத்தமே வரக்கூடாது. தப்பு வந்தா பயப்படாதீங்க, அன்டூ பண்ணுங்க. எத்தனை படி வேணும்னாலும் பின்னாடி போகலாம். போனதைத் திரும்பக் கொண்டுவர ரீடூ இருக்கு. ஆனா நடுவுல புதுசா ஒண்ணைப் போட்டுட்டீங்கன்னா ரீடூ வேலை செய்யாது. புரிஞ்சுதா?"

நாலு தலையும் ஆடின. அதைப் பார்த்தே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து டிக் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. டீக்கடையில் குப்புராஜ் வாயாலேயே நாலு டிக் சொல்வார். அதன் பிறகுதான் நாலு கிளாஸும் ஒன்றாக உயரும். யார் டிக் சொன்னாலும் கை தானாகக் கிளம்பும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

அழைப்பு நாள் மாலை. கோயில் வாசலில், திறந்த காரில், கோட்டும் ரோஜா மாலையுமாக மாப்பிள்ளை தணிகாசலம். முன்னால் பேண்டு. நாலு டிக். மெட்டு கிளம்பியது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பெரிய ட்ரம்முக்கு முதல் பக்கம் முழுக்கக் காலிக் கட்டம். பிச்சாண்டி வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தார். வழியில் ஒரு சாக்கடைக்கு மூடி இல்லை. துரைக்கண்ணு காகிதத்தைப் பார்த்தபடி நேராக அதை நோக்கிப் போவதைப் பிச்சாண்டி பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

துரைக்கண்ணு இடுப்பளவு உள்ளே போனார். ட்ரம்பெட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எருமைகூட அப்படிக் கத்தாது.

"ஏன்டா, பார்த்துக்கிட்டே இருந்தியே, சொல்லக்கூடாதா?" என்று தலைவர் அலறினார்.

பிச்சாண்டிக்கு இன்னும் மூன்று கட்டம் பாக்கி இருந்தது. அது முடிந்த பிறகே வாயைத் திறந்தார். "எனக்குக் காலிக் கட்டம்ண்ணே. சத்தமே வரக்கூடாதுன்னு பாப்பா சொல்லுச்சு."

"நியாயம்தானே," என்றார் துரைக்கண்ணு, சாக்கடைக்குள்ளிருந்து.

வைரப்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் மெட்டுல தப்பு வந்துடுச்சேடா!"

"அழாதீங்கண்ணே," என்றார் குப்புராஜ். "அன்டூ இருக்கு."

துரைக்கண்ணுவைத் தூக்கி நிறுத்திவிட்டு, மெட்டைக் கடைசியிலிருந்து ஆரம்பத்துக்கு வாசித்துக்கொண்டே நாலு பேரும் பின்னோக்கி நடந்தார்கள். கார் ரிவர்ஸில் வந்தது. உறவினர் கூட்டமும் பின்னோக்கியே நடந்தது. பேண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போவதுதானே உறவினர்கள் வழக்கம்!

கோயில் வாசலில் வைரப்பெருமாள் நின்றார். "திரும்ப ஆரம்பிப்போமா?"

"ஆரம்பிச்சா அதே சாக்கடைதானேண்ணே," என்றார் துரைக்கண்ணு. "ஊர்வலம் போனதாலதான் விழுந்தேன்."

"ஊர்வலம் எதனால?" என்றார் குப்புராஜ்.

"கல்யாணத்தால."

"கல்யாணம் எதனால?"

"பொண்ணு பார்க்க வந்தாங்களே, அதனால."

"அப்ப அங்கதான்டா தப்பு," என்றார் வைரப்பெருமாள். "அதுவரைக்கும் போயிடுவோம்."

பெண் வீடுவரை பின்னோக்கியே போனார்கள். மாப்பிள்ளையின் மாலையைக் கழற்றினார்கள், கோட்டைக் கழற்றினார்கள், பெண் பார்த்த அன்று உட்கார்ந்த அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கவலைதான் அவருக்கு.

"அன்னிக்கு பஜ்ஜி சாப்பிட்டேனே மாமா. அதை என்ன பண்றது?"

"அது இருக்கட்டும், விடுங்க," என்றார் வைரப்பெருமாள் பெருந்தன்மையாக.

இளவஞ்சி பட்டுப்புடவையில் வந்து நின்றாள். குப்புராஜ் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, அன்னிக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. பாப்பாகிட்ட யாரும் கேக்கவே இல்லை."

உண்மைதான். பஜ்ஜியில் உப்பு சரியா என்பதுவரை எல்லாம் கேட்டிருந்தார்கள். அவளை மட்டும் கேட்கவில்லை.

"இந்தத் தடவை எதுவும் விட்டுப்போகக் கூடாது," என்று மகள் பக்கம் திரும்பினார் வைரப்பெருமாள். "ஏம்மா, மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?"

இளவஞ்சி நாற்காலியைப் பார்த்தாள். மாப்பிள்ளை இன்னும் பஜ்ஜியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலப்பா."

மாப்பிள்ளையின் அப்பா துள்ளி எழுந்தார். வைரப்பெருமாள் சிரித்தார். "பதறாதீங்க சம்பந்தி. ரீடூ இருக்கு."

"இல்லப்பா," என்றாள் இளவஞ்சி. "நடுவுல நான் புதுசா ஒண்ணு போட்டுட்டேன். இனி ரீடூ வேலை செய்யாது. அன்னிக்கே சொன்னேனே!"

நாலு தலையும் ஆடின. மாப்பிள்ளையின் தலையும் சேர்ந்து ஆடியது.

அவர் பணிவாக எழுந்தார். "மாமா, நான் வீட்டுக்கு முன்னாடி பார்த்துப் போகணுமா, பின்னாடி பார்த்துப் போகணுமா?"

"வந்தது பின்னாடி. அப்ப போறது முன்னாடி," என்றார் துரைக்கண்ணு.

"முன்னாடி போனா அது ரீடூ. அதுதான் வேலை செய்யாதே," என்றார் குப்புராஜ்.

கடைசியில், பக்கவாட்டில் நடப்பது என்று முடிவாயிற்று. இளவஞ்சி வாசலுக்கு வந்து, "டிக், டிக், டிக், டிக்" என்றாள். கைகள் தானாகக் கிளம்பின. பக்கவாட்டில் நடந்த மாப்பிள்ளைக்கு முன்னால் அந்த மெட்டு முதல் தடவையாக, ஒரு பிசிறும் இல்லாமல், முழுசாக ஒலித்தது.

ஊர் எல்லையில் வைரப்பெருமாள் ஆனந்தக் கண்ணீரோடு தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, அடுத்த கல்யாணத்துக்கும் எங்களையே கூப்பிடுங்க."