வெள்ளையாய் விட்ட இடம்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். உரக்கச் சொல்லுகிற கதை இல்லை இது.

“தாயி, என் கையே எங்க ஊருணியைத் தாரை வார்த்துருச்சு.”

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் பூமிநாதன் அந்தத் தண்ணீர்ப் பந்தலுக்குள் நுழைந்தார். ஐம்பத்தெட்டு வயசு. ஆடு வளர்க்கிறவர். வாய் பேசுகிறது, கண் தரையில் கிடக்கிறது.

பந்தலம்மா மண்பானைக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயசாவது இளையவள். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. வழிப்போக்கருக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் அவள் பூசை. இருந்தாலும் மனசில் முள் தைத்தவர்கள் அவளிடம்தான் வருவார்கள்.

“எந்தக் கை?” என்றாள்.

அவர் வலது கையை நீட்டினார்.

காலையில் நாலு பேர் ஊருணிக் கரையில் சங்கிலி போட்டு அளந்திருக்கிறார்கள். டவுன் குப்பையைக் கொட்ட இடமாம். நாற்பது வீட்டுக் குடம் நிறைகிற ஊருணி. பூமிநாதன் ஆட்டுக்கம்போடு ஓடினார். “யாரைக் கேட்டு அளக்குறீங்க?”

அளந்தவன் கோபப்படவில்லை. ஒரு ஜெராக்ஸை எடுத்து வாசித்துக் காட்டினான். கிராமசபைத் தீர்மானம். ஊருணி தூர்ந்துபோன பள்ளம், யாருக்கும் பயன்படவில்லை, குப்பை கொட்ட ஊராருக்கு ஆட்சேபணை இல்லை. கீழே வரிசையாய்க் கையெழுத்து.

ஏழாவது, பூமிநாதன்.

“வேற யாராவது உங்க பேருல போட்டிருக்கலாம்ல?”

“இல்ல தாயி. கடைசி எழுத்துக்கு நான் ஒரு வால் இழுப்பேன். அந்த வாலை எவனாலயும் இழுக்க முடியாது.”

“என்ன எழுதியிருக்குன்னு பாக்கலையா?”

“எழுதவே இல்லையே! மேல பாதிப் பக்கம் வெள்ளையாக் கெடந்துச்சு. கீழ ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர். வந்ததுக்கு அத்தாட்சின்னு கிளார்க்கு சொன்னாரு. டீயும் காராச்சேவும் குடுத்தாங்க. போட்டுட்டு வந்துட்டேன். எல்லாரும் வருசக்கணக்கா அப்படித்தான்.”

பிறகு அவராகவே சொன்னார்:

“நாப்பது வயசு வரைக்கும் நான் கைநாட்டு. பேரு எழுதப் படிச்ச பெறகு எங்க நோட்டு நீட்டினாலும் போட்டுருவேன். எவனும் கைநாட்டுன்னு சொல்லிறக்கூடாதுன்னு.”

பந்தலம்மா ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, மூடி போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

“குடிங்கண்ணே.”

அவர் மூடியைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார்.

“என்ன பாக்குறீங்க?”

“தூசி தும்பு கெடக்கான்னு...”

பாதியில் நிறுத்திவிட்டார். சொம்பைப் பிடித்தபடி நின்றார். அவள் அதற்குள் அடுத்து வந்த சைக்கிள்காரனுக்கு ஊற்றப் போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் அவர் கெஞ்சினார். “ஞாயித்துக்கிழமை மறுபடி சபை. லாரி வர பாதை விடணும்னு இன்னொரு தீர்மானமாம். அதுவும் ஆயிட்டா திங்கக்கிழமை குப்பை வந்து விழுந்துரும். நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்க. ஊரே கேக்கும்.”

“எனக்குப் பேச வராது.”

“அப்ப நான் ஒத்தை ஆளா என்ன செய்ய?”

“போடும்போது ஒத்தை ஆளாத்தானே போட்டீங்க?”

“போடமாட்டேன்னா எங்க வீட்டுக்காரி பேரை நூறு நாள் வேலையில சேக்காம விட்ருவாங்க தாயி.”

“விட்டாலும் விடுவாங்க” என்றாள் அவள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, பூமிநாதன் கரை வழியாகவே நடந்து வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூட வராண்டா. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அண்டாவில் டீ. காராச்சேவுப் பொட்டலம் ஒரு கூடை. பெண்கள் பக்கம் கடைசியில், பூமிநாதனின் மனைவி ராக்குவுக்கு அருகே, பந்தலம்மா வந்து உட்கார்ந்திருந்தாள்.

கிளார்க்கு நோட்டோடு வந்தார். முதலில் வந்தது பூமிநாதனிடம்தான்.

“போடுங்க பூமியண்ணே. உங்க வாலைப் பாத்தாத்தான் எங்களுக்குச் சபை தொடங்குன மாதிரி இருக்கும்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பூமிநாதன் பேனாவை வாங்கவில்லை. “மேல எழுதுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க. அப்புறம் போடுறேன்.”

“அடேயப்பா, கலெக்டரு! எழுதாததை எப்படிண்ணே வாசிக்கிறது?”

“எழுதாததுக்கு எப்படிங்க கையெழுத்துப் போடுறது?”

சிரிப்பு அறுந்துபோனது.

கிளார்க்கு பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “ராக்கக்கா, நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா? உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க.”

ராக்கு கையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

“சரி. ஒருத்தர் போடலைன்னா ஊரு என்ன ஓடாமலா நிக்கும்? டீ ஆறுது. அடுத்த ஆளு!”

அடுத்த ஆள் போட்டார். அதற்கு அடுத்தவரும் போட்டார். அஞ்சு, ஆறு என்று நோட்டு நகர்ந்துகொண்டே போனது. போட்டவர்கள் பூமிநாதனைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். ஒவ்வொரு கையையும் பார்த்தார். தான் ஒருவன் விலகி நின்றதால் ஊருணிக்கு ஒரு சொட்டும் மிஞ்சப் போவதில்லை என்று அப்போது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

அப்போது பந்தலம்மா கை நீட்டினாள்.

“இங்க குடுங்க. எனக்கும் இந்த ஊர்லதான் ஓட்டு.”

கிளார்க்குக்கு முகமெல்லாம் பல். “பாத்தீங்களா! அம்மாவே போடுறாங்க. இதுக்கு மேல யாருக்கு என்ன பேச்சு?” என்று நோட்டை அவள் மடியில் வைத்து மைப்பெட்டியைத் திறந்தார். “இந்தாங்கம்மா, ஏழாம் நம்பர். இங்க.”

“தாயி...” என்றார் பூமிநாதன். உதடுதான் அசைந்தது.

பந்தலம்மா பெருவிரலை மையில் அழுத்தினாள். நோட்டுக்குக் கொண்டு போனாள். ஏழாம் நம்பருக்கு மேலே போனாள். ஒன்றாம் நம்பருக்கும் மேலே போனாள். வெள்ளையாய் விட்ட இடத்தின் நட்டநடுவில் விரலை ஊன்றி எடுத்தாள்.

“அம்மா! அங்க இல்ல! அது தீர்மானம் எழுதுற இடம்!”

“அப்படியா? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுல்ல தம்பி.”

இன்னொரு தடவை மையில் தொட்டாள். முதல் ரேகைக்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

“ஐயோ, பக்கத்துக்குப் பக்கம் சீல் போட்ட நோட்டும்மா. கிழிக்கக்கூட முடியாது!” கிளார்க்கு தலையில் கை வைத்தார். வராண்டாவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். “இனி அடுத்த பக்கத்துல முதல்லருந்து ஒவ்வொருத்தர்கிட்டயா கேக்கணும்.”

“கேளுங்க” என்றாள் பந்தலம்மா.

நோட்டை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, ராக்குவின் மடியில் வைத்தாள். மைப்பெட்டியையும் எடுத்து, அவள் முந்தானைக்குக் கிட்டே நகர்த்தி வைத்தாள்.