ஒருத்தரும் சும்மா நிற்காத படம்

தோணி முதலாளி லாசர் பர்னாந்து செருமினால் துறையே நடுங்கும். அவருடைய பெரிய வீட்டுக்குச் சுவர் நிறைய ஒரு படம் வேண்டியிருந்தது: கறுத்த மேகம், அதைக் கிழித்துவரும் வெயில், புடைத்த பாய்கள், கரையோரம் மூட்டை இறக்கும் தோணிகள். தோணிகளுக்குப் பேர் எழுதிப் பிழைக்கும் மிக்கேலம்மாளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏளா, என் துறையில சோம்பேறிக்கு இடமில்ல. படத்துல ஒருத்தன் சும்மா நின்னாலும், இனிமே நீ எந்தத் தோணியையும் தொடப்புடாது!"

படம் முடிந்ததும் ஊரைக் கூட்டித் திரையை விலக்கினார். பாய் இறக்குகிறவன், மூட்டை சுமக்கிறவன், எல்லாருக்கும் வேலை. நாய்கூட நண்டைத் துரத்திக்கொண்டிருந்தது. முதலாளி மேலும் கீழும் தேடினார். முகம் சிவந்துவிட்டது.

"ஏளா, நான் எங்க?"

"உங்களைத்தான் முதல்ல வரைஞ்சேன் முதலாளி. சும்மா நின்னீங்க. உத்தரவு ஞாபகம் வந்துச்சு, அழிச்சிட்டேன். உங்க குடைக்காரன் மட்டும் இருக்கான், பாருங்க."

வெறும் மணலுக்கு மேலே அவன் பவ்யமாகக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"நானா சும்மா நிக்கேன்? நாளைக்கு வந்து பாரு!"

மறுநாள் தோணிகளை வடம் கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி வடத்தைப் பிடித்தார். மிக்கேலம்மாள் படத்தைக் கரையில் சாத்திவைத்து நிதானமாக வண்ணம் குழைத்தாள்.

"முடிஞ்சுதா?" என்று மூச்சிரைத்தார்.

"வடம் முடிஞ்சுது முதலாளி. தொந்திக்குத்தான் நேரமாகும். கையை விட்டுறாதீங்க!"

தொந்தி முடிவதற்குள் துறையிலிருந்த தோணிகளெல்லாம் கரையேறிவிட்டன.