அங்காயிக்குக் காளான்

ஐப்பசியில் இடி இடித்தால் மலைக்காட்டில் புற்றுக்காளான் முளைக்கும். மடத்துக்குக் காளான் தேடிக் கொண்டுவருவது சீடர் சடையப்பனின் வேலை. அவருக்கும் குருவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

அன்று காலை அடிவாரத்திலிருந்து ஆள் வந்தது. சடையப்பனின் தங்கை அங்காயி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அங்காயி மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் செய்ய வழியில்லாமல், போகாமலே இருந்துவிட்டவர் சடையப்பன். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"இன்னும் கிளம்பலையா?" என்றார் குரு.

"அன்னிக்கு வெறுங்கையோட நிக்கக் கூசித்தான் போகலை, சாமி. இன்னிக்கு மட்டும் எப்படிப் போறது? அவளுக்குக் காளான்னா உசுரு. மேலப் புத்துல மொட்டு விட்டிருக்கு. நாளைக்கு விரிஞ்சிடும். கூடை நிறையக் கொண்டுபோறேன்."

குரு அவர் கையிலிருந்த கூடையை வாங்கிக் கீழே வைத்தார்.

"இப்பவே போ."

"ஒரு நாள்தானே, சாமி."

சடையப்பன் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். பன்றி கிளறிவிடாமல் மொட்டுகளைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார். பாவம், அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம்தான். தங்கை காளான் குழம்பு சாப்பிடுவதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

விடிந்தபோது காளான்கள் நன்றாக விரிந்திருந்தன. ஒன்றுகூட உடையாமல் பறித்து, தேக்கிலை போட்டு மூடி, மலையிறங்கினார்.

மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். இலைகூடக் கலையவில்லை.

"பார்த்தியா அவளை?"

"ஊர் எல்லையிலேயே பறைச் சத்தம் கேட்டுச்சு, சாமி. விடியக்காலம் போயிட்டாளாம்."

குரு கூடையைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள போகலையா?"

"பொறந்த வீட்டுக் கோடி நான்தானே போடணும்? கையில காளான்தான் இருந்துச்சு. கோடித்துணி இல்லாம அண்ணன்காரன் எந்த முகத்தோட போய் நிக்கறது? மடத்துல ஒரு துணி இருந்தா..."

"எப்ப எடுக்கறாங்க?"

"பொழுது சாயறதுக்குள்ள."

குரு அவர் கையிலிருந்த கூடையை வாங்கிக் கீழே வைத்தார்.

"அவதான் உன்னைப் பார்க்காமலே போயிட்டா. நீயாவது போய் அவளைப் பாரு."