தேயாத பிரேக் கட்டை

கூத்தன்மலையில் ஏறி இறங்கி அடிவாரத்தில் முடியும் சைக்கிள் பந்தயம். “இந்த மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் கோப்பை!” என்று மூன்று வீரர்களைக் காட்டி மைக்கில் அடித்துச் சொன்னார் பந்தய நிபுணர் தண்டபாணி. சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் செங்கமலம் சிரித்துவிட்டாள்.

“இந்த மலையை அங்குலம் அங்குலமா அலசினவன் நான். பஞ்சர் ஒட்டுற நீ சிரிக்கிறியா? ஜெயிக்கிறவன் பேரைச் சொல்லு, இல்லாட்டி கடையைக் காலி பண்ணு!”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “மாரப்பன்! இந்த வாரத்துல அவருக்கு மூணு தடவை பிரேக் கட்டை மாத்தினேன். உங்க ஆளுங்களுக்குக் கட்டை தேயவே இல்ல. மலை ஏறிப் பழகிட்டு வேன்லதான் இறங்கியிருக்காங்க.”

மாரப்பன்தான் ஜெயித்தான். அந்த மூவரும் இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் சறுக்கி விழுந்தார்கள்.

தண்டபாணி மைக்கை அணைக்க மறந்து கேட்டார்: “அந்த வளைவுல அப்படி என்னம்மா இருக்கு?”

“அங்குலம் அங்குலமா அலசினீங்களே சார், அது மட்டும் எப்படி விட்டுப்போச்சு?”