கோணக்கம்பாளையத்தில் துப்பாக்கிகளுக்கு நடந்த குறிப் பரீட்சை

கோணக்கம்பாளையத்தில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பஞ்சம் என்றால் முன்னே கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டாமா? அந்த ஊரில் இருப்பது வீர விளையாட்டு மன்றம் ஒன்றுதான். அதில் மூன்றே பேர். தலைவர் சென்னியப்பன், செயலாளர் ஆறுச்சாமி, பொருளாளர் குப்புராசு. சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. எந்தக் காரியமானாலும் தீர்மானம் போட்டு, மூவரும் கை தூக்கி, ஒருமனதாக நிறைவேற்றி, முத்திரை குத்தித்தான் செய்வார்கள். தண்ணீர் குடிக்கக்கூட ஒரு தீர்மானம் உண்டு.

அந்த ஊருக்கு வெளியே மருதாசலம் தன் லாரியை விற்று ஒரு பெயிண்ட்பால் மைதானம் போட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு அணியாகப் பிரிந்து, பழைய டயருக்குப் பின்னால் ஒளிந்து, சாயக் குண்டு போட்ட துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வது. சாயம் பட்டவர் அவுட். பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் இதை விரும்பி ஆடுகிறார்கள்.

பரீட்சை நடந்த நாளுக்கு மறுநாள் காலை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து அறுபது பேர் ஆட வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் மாதாமாதம் வருவார்கள். பிடிக்காவிட்டால் மருதாசலம் மறுபடி இன்னொருவர் லாரிக்கு ஸ்டியரிங் பிடிக்கப் போக வேண்டியதுதான். மனிதர் பயந்து போயிருந்தார். துப்பாக்கி வியாபாரி மூன்று வகையில் ஒவ்வொன்று வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று, கையால் பின்னுக்கு இழுத்து இழுத்து ஒவ்வொரு குண்டாகச் சுடுவது. இன்னொன்று, இழுக்க வேண்டாம், விசையை அழுத்த அழுத்தச் சுட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவது பேட்டரியில் ஓடுவது. எது குறி தவறாதோ அதில் அறுபது வேண்டும். நாலு மணிக்கு வியாபாரி வருவார், பதில் சொல்லியாக வேண்டும்.

மருதாசலமே சுட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் முந்தின வாரம்தான் வலது கண்ணில் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்தது. அன்றைக்குக் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விதி யாரை விட்டது, மன்றத்தைக் கூப்பிட்டார்.

போகும்போது தெளிவாகத்தான் சொன்னார். "எனக்கு வேண்டியது துப்பாக்கியோட குறி, உங்க குறி இல்ல. பலகையை முப்பது அடியில வெச்சுப் பத்துப் பத்துக் குண்டு சுடுங்க. கடைசி வரைக்கும் அந்தத் தூரம் மட்டும் மாறவே கூடாது."

அவர் பைக் திரும்புவதற்குள் ஆலோசனைக் கூட்டம் தொடங்கிவிட்டது.

"துப்பாக்கியோட குறிதான் வேணும்னு சொல்லீட்டாருங்க," என்றார் ஆறுச்சாமி. "நாம கண்ணால பார்த்துச் சுட்டா அது நம்ம குறியாயிடுமே."

"அப்ப துப்பாக்கியே பார்த்துச் சுட்டுக்கட்டும்," என்றார் தலைவர். "சுடறவனுக்குக் கண்ணைக் கட்டிடணும்."

தீர்மானம் நிறைவேறியது. தலைவர் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டார். தூரம் மாறாமல் இருக்க முப்பது அடிக் கயிறு எடுத்து, ஒரு முனையைத் தலைவர் இடுப்பிலும், மறுமுனையைப் பலகையைப் பிடித்து நின்ற பொருளாளர் இடுப்பிலும் கட்டினார்கள். கயிறு தொய்ந்தால் தூரம் குறைந்துவிடுமாம். அதனால் செயலாளர் நடுவில் நின்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். எவ்வளவு பொறுப்பு பாருங்கள்.

முதல் துப்பாக்கியால் பத்துக் குண்டும் சுட்டாயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பசு நீலமானது. பலகையில் எத்தனை பட்டது என்று பார்க்கத் தலைவர் துண்டை அவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். நடந்தால் தூரம் குறையுமே. பொருளாளர் கடமை தவறாதவர், பலகையோடு பின்னால் நடந்தார். தலைவர் வேகமாக நடந்தார், பொருளாளரும் வேகமாக நடந்தார். செயலாளர் நடுவில் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இப்படியே மைதானம் தாண்டி, ரேஷன் கடை தாண்டி, பஸ் நிறுத்தம் வரை போய்விட்டார்கள். அங்கே பொருளாளர் பின்பக்கமாகவே நடந்துபோய் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறிவிட, பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தம் வரைக்கும் தலைவரும் செயலாளரும் ஓடிய ஓட்டத்தைப் பக்கத்து ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். வழியில் பார்த்த ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அது ஒரு விசேஷமாகவே தெரியவில்லை.

திரும்பி வந்து மூச்சு வாங்கியபின் பொருளாளரே ஒரு வழி சொன்னார். "பலகையோட முன்பக்கம் எனக்கும் தெரியலீங்க, நான் பின்னாடி நிக்கறேன். ஆனா பலகையில படாம தவறின குண்டு என்மேல படுதுங்க. அதை நான் தப்பாம எண்ணிடுவேன்."

மற்ற இருவரும் அசந்துபோனார்கள். இதைவிட நியாயமான கணக்கு எங்கே கிடைக்கும்? பொருளாளர் மேல் எது அதிகம் படுகிறதோ அது மட்டமான துப்பாக்கி. இதுவும் ஒருமனதாக நிறைவேறியது, பொருளாளர் இரண்டு கையையும் தூக்கினார்.

முதல் துப்பாக்கியில் அவர்மேல் ஏற்கெனவே பட்டிருந்தது நான்கு. இரண்டாவது துப்பாக்கியை எடுத்த தலைவர் விசையை அழுத்தி ஓய்வதற்குள் ஒன்பது. பாவம் குப்புராசு, தொடையிலும் வயிற்றிலும் பச்சை பச்சையாக வீங்கிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் உரக்க எண் சொன்னார்.

மூன்றாவது, பேட்டரித் துப்பாக்கி. அதன் பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது. உபயோகம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது. இன்னும் உபயோகமே தொடங்கவில்லை, ஆகவே இதற்கு முந்தின உபயோகம் முடிந்துவிட்டதாகத்தான் அர்த்தம் என்று தலைவர் விளக்கினார். எட்டாத இடம் எது? ஆறுச்சாமியின் பையன் தென்னை மரமே ஏறுவான். கடைசியில் ஏணி வைத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் பேட்டரியை வைத்துவிட்டு, பிள்ளைகள் ஏறிவிடக் கூடாதே என்று ஏணியை உடைத்து டீக்கடை அடுப்புக்குக் கொடுத்தார்கள்.

பிறகு தலைவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து முறை விசையை அழுத்தினார். பொருளாளர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் படவில்லை. மறுபடி பத்து முறை அழுத்தச் சொன்னார். அப்போதும் படவில்லை.

"குறின்னா இதுதானுங்க குறி," என்றார் குப்புராசு. அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நாலு மணிக்கு மருதாசலம் ஒரு கண் கூச வந்து சேர்ந்தார். வியாபாரியும் வந்தார். முத்திரை குத்திய அறிக்கையைத் தலைவர் வாசித்தார். முதல் வகை நான்கு தவறு, இரண்டாவது ஒன்பது தவறு, மூன்றாவது இருபதுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. மருதாசலம் முட்டாளில்லை. ஆனால் முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் அவருக்கு அதற்குமேல் கேள்வி கேட்க வராது. அறுபது பேட்டரித் துப்பாக்கி சொல்லிவிட்டார். வியாபாரி நல்ல குடும்பத்துப் பிள்ளை, வெளியே போய்த்தான் சிரித்தார். மாலையே சரக்கு இறங்கியது. மைதானத்தில் தூசி, நாலு நாளைக்கு இந்தப் பக்கமே வராதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஆட்டத்தை நடத்தும் பொறுப்பையும் மன்றத்திடமே விட்டுவிட்டு மருதாசலம் வீட்டுக்குப் போனார். மன்றத்தார் பக்கத்து ஊரில் ஏணி வாங்கி அறுபது பேட்டரியையும் தொட்டி உச்சிக்கு ஏற்றி, அந்த ஏணியையும் டீக்கடைக்கே கொடுத்தார்கள்.

காலையில் அறுபது பேரும் வந்தார்கள். ஏதாவது ஒரு அணி முழுதும் சாயம் படும்வரை ஆட்டம் முடியாது, முடியாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்று வாசலில் எழுதியிருந்தது. மன்றத்தார் மூவரும் நடுவர்கள். விசையை அழுத்தினார்கள், அழுத்தினார்கள், பொழுது சாய்ந்தது. ஒருவர் மேலும் சாயமில்லை. வெளியே விடுங்கள் என்று கெஞ்சியவர்களுக்குச் சென்னியப்பன் வாசல் பலகையைக் காட்டினார். படித்தவர்கள் அல்லவா, எழுதியிருப்பதை மீற அவர்களுக்கும் மனம் வரவில்லை. வீட்டிலிருந்து டிபன் வந்தது, இரண்டாம் நாள் கம்ப்யூட்டர்கள் வந்தன. டயருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். யாரும் தாமதமாக வருவதில்லை, யாரும் சீக்கிரம் போவதில்லை என்பதைக் கண்டு கம்பெனி மேலாளர் மனம் குளிர்ந்து, ஆபீசையே அங்கே மாற்றிவிட்டார்.

ஐந்தாம் நாள் மருதாசலம் கண் நன்றாகத் தெரிந்து மைதானத்துக்கு வந்தார். வாசலில் கம்பெனியின் பெயர்ப்பலகை தொங்கியது. சென்னியப்பன், ஆறுச்சாமி, குப்புராசு மூவரும் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றார்கள். தரப் பரிசோதனைப் பிரிவில் அவர்களுக்கு வேலை கிடைத்திருந்தது. மூவரும் கூடிப் பேசி, கை தூக்கி, இவரை உள்ளே விட வேண்டியதில்லை என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

"யாரைப் பார்க்கணுமுங்க?" என்றார் குப்புராசு.