இஞ்ஞாசி மோத்தாவும் பல்லு வலிச்ச சுறாவும்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்த முடிச்சு வைன்னு சொல்லுவாங்க. இஞ்ஞாசி மோத்தா அந்த ஆயிரத்தையும் ஒரே சாயங்காலத்துல, எங்க வீட்டு நாற்காலியில உக்காந்தபடியே சொல்லி முடிச்சாரு.

தூத்துக்குடியில எங்க அண்ணன் மக ஜெனோவாவப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. மாப்பிள்ளை பேரு லாம்பர்ட். தென்னாப்பிரிக்காவுல, கப்பலுக்கு அடிப்பக்கம் ஒட்டிக்கிடக்கிற சிப்பியச் சுரண்டுற கம்பெனியில வேலை. மோத்தா அவனுக்குத் தாய்மாமன். தரகர்கிட்ட "கடலுக்கடியில இஞ்சினியர்"னு சொல்லி வச்சிருந்தாரு.

அங்கதான் சிக்கல். எங்க அண்ணன் சங்கு குளிக்கப் போனவன். பதினோரு வருசத்துக்கு முன்ன ஒரு நாள் முங்கினவன் மேல வரல. அதனால செசிலி மதினி எடுத்ததுமே கேட்டுட்டா: "அண்ணாச்சி, அந்தக் கடல்ல வெள்ளைச் சுறா உண்டாமே. ஆளையே ரெண்டா கடிச்சிருமாம், போன்ல பாத்தேன். என் மகளும் என்ன மாதிரி நிக்கணுமா?"

லாம்பர்ட் வாயத் தெறந்தான். மாமன் அவன் தொடையில ஒரு தட்டுத் தட்டி மூட வச்சிட்டாரு.

"சுறாவா? தங்கச்சி, சுறாவுக்குத்தான் என் மருமவனால ஆபத்து! வேலைக்குச் சேர்ந்த மொத நாளே ஒண்ணு வந்துச்சு. நீளம் என்ன தெரியுமா? தலை கப்பல்கிட்ட வந்து நிக்குது, வாலு இன்னும் துறைமுகத்துக்குள்ளயே நுழையல. இவன் திரும்பினான், மூக்குல விட்டான் ஒரு அறை. அது அப்படியே பின்பக்கமாவே நீந்திப் போயிருச்சு."

நானும் முப்பது வருசம் கடல்ல கெடந்தவன். "சுறா பின்பக்கமா நீந்தாதே அண்ணாச்சி"ன்னேன்.

"அறை வாங்கினா நீந்தும். நீரு அறைஞ்சு பாத்திருக்கீரா?"

இல்லன்னு ஒத்துக்கிட்டேன்.

"மறுநாள் அதே சுறா வந்துச்சு, கன்னம் வீங்கிப் போயி. வாயத் தெறந்து காட்டுது, ஒரு பல்லு ஆடுது. இவன் கையில வெல்டிங் கம்பி இருந்துச்சு. பாவமாச்சேன்னு பத்த வச்சு விட்டான். அதோட விட்டுச்சா? சேதி பரவிப் போச்சு. மறுநாள் காலையில எட்டு மணிக்குப் போனா இருநூறு சுறா வரிசையில நிக்குது! டோக்கன் குடுக்கன்னே ஒரு ஆமைய வேலைக்குப் போட்டாங்க."

"சுறாவுக்குப் பல்லு விழுந்தா வேற முளைச்சிரும். எதுக்கு வெல்டிங்கு?"

"முளைக்கும்வே, முளைக்கும். புதுப் பல்லு வாய்க்குப் பழகணும்ல? உம்ம பல்செட்ட மாத்திக் குடுத்தா நீரு சும்மா இருப்பீரா?"

மதினி சிரிக்கல. "இருக்கிற பல்லையும் கெட்டியாக்கி விட்டிருக்காரே, இனி நல்லாக் கடிக்குமே!"

மோத்தா அசரல. சட்டைக் கையச் சுருட்டிவிட்டாரு. "கடிக்கிறதென்ன, ஒண்ணு முழுங்கியே பாத்துச்சு!"

மதினி நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டா. "மாமா..."ன்னு லாம்பர்ட் கெஞ்சினான்.

"நீ சும்மா இருடா, உனக்குத் தன்னடக்கம். முழுசா முழுங்கிருச்சு தங்கச்சி. உள்ள ஒரே கும்மிருட்டு. இவன் பயந்தானா? மணி ஒண்ணு ஆச்சேன்னு சோத்து டப்பாவத் தெறந்தான். எங்க அக்கா அனுப்பின மிளகாப்பொடி போட்டு வச்ச கருவாட்டுக் குழம்பு. அந்தக் காரம் சுறாவோட தொண்டைக்கு ஏறிச்சு பாருங்க! அது அழுத அழுகையில கடலே ரெண்டு அடி உசந்து, கரையில நின்ன காரெல்லாம் மிதந்துச்சு."

"வயித்துக்குள்ள இருந்தவரு காரு மிதந்தத எப்படிப் பாத்தாரு?"ன்னு கேட்டேன்.

"பல்லிடுக்கு வழியா."

"பெறவு?"

"பெறவென்ன, துப்பிட்டு இவன் கால்ல விழுந்துச்சு. இப்ப தினமும் கரைக்கு வந்து இவன முதுகுல ஏத்திக்கிட்டுப் போகுது. இவன் சும்மா உக்காந்திருப்பான், அதுவே பல்லால சிப்பியச் சுரண்டிரும். கம்பெனியில அதுக்கு அடையாள அட்டை குடுத்திருக்காங்க. போட்டோ கொஞ்சம் கறுப்பா விழுந்திருச்சுன்னுதான் அதுக்கு வருத்தம்."

நான் சிரிச்சுட்டேன். மதினி எந்திரிச்சுட்டா. "தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. ஒருக்கா முழுங்கினது மறுக்கா முழுங்காதா? அப்பவும் துப்பும்னு என்ன நிச்சயம்? இந்தச் சம்பந்தம் வேண்டாம்." லாம்பர்ட் தலையத் தொங்கப் போட்டுட்டான்.

அப்பத்தான் ஜெனோவா உள்ள இருந்து வந்து, மோத்தாவுக்கு எதிர்லயே உக்காந்தா.

"அந்தச் சுறாவ எனக்குத் தெரியும் மாமா. போன ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்தா, என்னப் பொண்ணு கேட்டு இதே நாற்காலியில உக்காந்திருக்கு."

மோத்தா குனிஞ்சு, தான் உக்காந்திருந்த நாற்காலியப் பாத்தாரு.

"வாலு வைக்க வீட்டுல இடமில்லன்னு சொல்லிட்டேன். போறப்ப, 'லாம்பர்ட்னு ஒருத்தர் வர்றாரு, ஆளு எப்படி?'ன்னு விசாரிச்சேன். 'நான் நாள் முச்சூடும் தண்ணிக்குள்ளதான் கெடக்கேன், அப்படி யாரையும் உள்ள பாத்ததே இல்ல. மேல படகுல ஒருத்தர் வெயில்ல காயுவாரு, அவரா இருக்கும்'னுச்சு."

லாம்பர்ட் குபீர்னு சிரிச்சுட்டான். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"கழுத்தும் கையும் வெயில்ல கறுத்திருக்கு, வாட்ச் கட்டின இடம் மட்டும் வெளுத்திருக்கு. அந்த ஊரு குளிர்ந்த கடல்ல முங்குறவங்க உடம்பு முழுக்க ரப்பர் உடுப்புல்ல போடுவாங்க?"

அவன் மதினி பக்கம் திரும்பினான். "ஆமா மாமி. நான் முங்குறதில்ல. முங்குறவருக்குக் காத்துக் குழாயப் பிடிச்சுக்கிட்டுப் படகுல நிப்பேன். தூரத்துல சுறாத் துடுப்பு தெரிஞ்சா கயித்த இழுத்து ஆள மேல ஏத்திரணும். நாலு வருசத்துல ரெண்டு தடவை இழுத்திருக்கேன். ரெண்டு தடவையும் பயந்துதான் போனேன். ஆனா ரெண்டு பேரும் ஏறி வந்துட்டாங்க."

மதினி அவனையே பாத்துக்கிட்டு நின்னா. எங்க அண்ணன் போன அன்னைக்கு மேல கயித்தப் பிடிக்க ஆள் இல்ல. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மெதுவா உக்காந்தா.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"மாமா விடலியே."

மோத்தா தொண்டையச் செருமினாரு. "மேல நிக்கிறது மட்டும் லேசா தங்கச்சி? அங்க ஒரு கடல்காக்கா உண்டு. அது றெக்கைய விரிச்சா ஊருக்கே..."

மதினி ஒரு தட்டு நிறைய மக்ரூன் பலகாரத்த எடுத்து அவர் மடியில வச்சா. "அண்ணாச்சி, வாய்க்குக் கொஞ்சம் வேற வேலை குடுங்க."

அவர் அதத் தின்னு முடிக்கிறதுக்குள்ள நாங்க தேதி குறிச்சுட்டோம்.